குருதியின் வேற்றுமையும் குளிசையின் அளவும்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியமோ சமயமோ சரித்திரமோ பேசப்படும் என்று எதிர்பார்த்து வருவது நம் நாட்டு வழக்கமாதலின், பிள்ளைகளுக்கு வரும் குருதிப் புற்றுநோயையும் அதற்குரிய மருந்தைப் பிள்ளைகளின் உடல்கள் வெவ்வேறு விதமாக ஏற்றுக்கொள்ளும் விந்தையையும் இன்று விஷயமாக எடுத்துக்கொண்டமைக்கு ஒரு காரணம் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். இவ்வியாதியுள்ள பிள்ளை ஒன்று இப்புத்தளக் கரையோரக் கிராமங்களில் எதிலேனும் இருக்குமாயின், அதன் உம்மாவும் வாப்பாவும் இரண்டு வருஷத்துக்கு மேலாக மஹரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கும் வீட்டுக்குமாக அலைவார்கள். ஒரு தவணை குருதி எண்ணிக்கையைப் பார்த்து ‘கவுண்ட் நல்லம்’ என்றும், மறு தவணை ‘கவுண்ட் இறங்கிட்டு, குளிசையை நிற்பாட்டுங்கோ’ என்றும் கேட்டுத் திரும்புவார்கள். ஒரே மருந்தை ஒரே அளவில் உண்ணும் பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு நேராதது தங்கள் பிள்ளைக்கு மட்டும் ஏன் நேர்கின்றது என்று தம்முள்ளேயே வினவிக்கொள்வார்கள். அவ்வினாவுக்கு இன்றைய சாஸ்திரம் தரும் விடை அறியத்தக்கதும் நமக்கு நெருக்கமானதுமாகும்.

என்பு மச்சையிலே வெண்குழியங்கள் முதிர்ச்சியடையாமலே கட்டுக்கடங்காது பெருகி, செங்குழியங்களுக்கும் குருதிச் சிறுதட்டுக்களுக்கும் இடமில்லாமற் செய்துவிடுவதே இந்நோயின் சாரம். பிள்ளை வெளிறும், காய்ச்சல் விட்டுவிட்டு வரும், அடிபடாத இடத்தில் நீலம் பாரிக்கும். 1948ஆம் ஆண்டுக்கு முன்னர் இதற்கு மருந்தென்று சொல்லத்தக்கது எதுவும் இருக்கவில்லை. அவ்வாண்டில் பொஸ்டன் நகரத்து சிட்னி ஃபார்பர் என்னும் வைத்தியர், அமினோப்டெரின் என்ற இரசாயனத்தைப் பதினாறு பிள்ளைகளுக்குக் கொடுத்து, அவர்களுள் பத்துப் பேர் சில காலமேனும் தேறினார்கள் என்று உலகுக்கு அறிவித்தார். ஃபார்பரின் கீர்த்தி பரவிய அளவுக்கு அம்மருந்தை ஆக்கிக் கொடுத்த ஆய்வுக்கூடத்தின் தலைவருடைய பெயர் பரவவில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. அவர் பீமவரத்திற் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியிற் படித்த எல்லப்பிரகட சுப்பாராவ். கதராடை உடுத்திக் கல்லூரிக்குச் சென்றமையால் ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவரின் அதிருப்திக்கு ஆளாகி, முழுப்பட்டத்துக்குப் பதிலாகக் குறைந்த தகுதிச் சான்றிதழுடன் வெளியேறியவர். கடல் கடந்து அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தை நடத்தியவர். இன்றுவரை இந்நோய்க்கு வாரந்தோறும் கொடுக்கப்படும் மெத்தோட்ரெக்சேற்றும் அவருடைய குழுவினரின் உழைப்பிலே விளைந்ததுதான். ஃபார்பரின் செய்தி வெளியான சில வாரங்களுக்குள், 1948 ஓகஸ்ட் மாதத்தில், அவர் காலமானார்.

இன்னொரு மருந்து நம் வேலியோரத்திலேயே நிற்கின்றது. மணற்பாங்கான இந்நிலத்தில் நீர் ஊற்றாமலே பூத்துக்கிடக்கும் பட்டிப்பூச் செடியின் இனத்திலிருந்தே வின்கிறிஸ்டீன் என்னும் ஊசிமருந்து பிரித்தெடுக்கப்படுகின்றது. இதைக் கேட்டு வீட்டுக்குப் போய் எவரும் அவ்விலையை அவித்துப் பிள்ளைக்குப் பருக்கிவிடலாகாது. நஞ்சும் மருந்தும் அளவினால் மட்டுமே வேறுபடும் பொருள் அது, அந்த அளவும் ஊசியிலன்றி இலையில் இல்லை.

இன்றைய பேச்சுக்கு நடுநாயகமாக நிற்கும் மருந்து மெர்கப்டோபியூரீன். பெண் என்ற காரணத்தால் ஆய்வுக்கூடங்கள் பலவற்றின் வாயிற்படியிலே திருப்பியனுப்பப்பட்டு, கலாநிதிப் பட்டம் முடிக்காமலே விஞ்ஞானியாகி, 1988இல் நோபல் பரிசு பெற்ற கேர்ட்ரூட் எலியன் என்ற அம்மையாரும், அவருடைய ஆசான் ஜோர்ஜ் ஹிச்சிங்ஸும் உருவாக்கிய இம்மருந்து 1953 முதல் பாவனையில் உள்ளது. பெரும் ஊசி மருந்துகளால் நோயை அடக்கிய பின்னர், ஒளிந்திருக்கும் எச்சங்கள் மறுபடி தலையெடாதிருக்கும் பொருட்டு, ஒன்றரை இரண்டு வருஷ காலம் நாள்தோறும் வாயால் உட்கொள்ளும் சிறு குளிசை இது. வைத்தியசாலையில் தாதி கொடுப்பதன்று, வீட்டில் உம்மா கொடுப்பது என்பதனால், சிகிச்சையின் மிக நீண்ட பகுதி இத்தகைய கிராமத்து அடுப்பங்கரைகளிலேயே நடைபெறுகின்றது என்று சொன்னாலும் மிகையாகாது.

இம்மருந்து உட்சென்ற உருவிலேயே தொழிற்படுவதில்லை. கலத்தினுள்ளே பல மாற்றங்களை அடைந்து, டி.என்.ஏ.யின் எழுத்துக்களுள் ஒன்றைப் போன்ற போலி எழுத்தாகி, கலம் தன்னைப் பிரதிசெய்யும் வேளையில் அதனுட் புகுந்து அக்கலத்தை அழிக்கின்றது. நோய்க்கலமாயினும் நற்கலமாயினும் அதற்குப் பேதமில்லை. ஆதலின், போலி எழுத்து எவ்வளவு சேர்கின்றது என்பதே எல்லாவற்றையும் நிர்ணயிக்கின்றது. குறைந்தால் நோய் மீளும், மிகுந்தால் நல்ல வெண்குழியங்களும் அழிந்து, சாதாரணத் தொற்றொன்றே உயிரைக் கொண்டுபோய்விடும். இம்மிகுதியைத் தணிப்பதற்கு உடலிலே சில நொதியங்கள் இயற்கையாக அமைந்துள்ளன. களப்பு நீரை உப்புப் பாத்திக்குள் விடுகிறவர், வேண்டிய அளவுக்கு மேற்பட்டது வடிந்துபோக ஒரு மடையைத் திறந்து வைப்பதுண்டல்லவா? அந்த மடை தூர்ந்து கிடக்கும் பாத்தியும் நன்கு திறந்திருக்கும் பாத்தியும் ஒரே அளவு நீரை ஒரே விதமாகத் தாங்கமாட்டா.

முதலிலே கண்டறியப்பட்ட மடை, டி.பி.எம்.டி. என்ற நான்கெழுத்துப் பெயருடைய நொதியம். அமெரிக்காவின் மாயோ கிளினிக்கைச் சேர்ந்த வைன்ஷில்பாமும் அவருடைய துணைவரும், இந்நொதியத்தின் வலிமை மனிதருக்கு மனிதர் பரம்பரையாக வேறுபடுகின்றது என்று 1980இல் எடுத்துக்காட்டினர். ஐரோப்பிய வம்சத்தவருள் பத்துப் பேரில் ஒருவருக்கு அது பாதி வலிமையுடன் இருக்கின்றது. ஏறத்தாழ முந்நூறு பேரில் ஒருவருக்கு அறவே இல்லை. அவ்வொருவருக்கு வழக்கமான அளவைக் கொடுத்தால் உயிராபத்து உறுதி. மெம்பிஸ் நகரத்து செயின்ட் ஜூட் வைத்தியசாலையார் இவ்வறிவைப் பிள்ளைகளின் சிகிச்சையிலே பிரயோகித்து, பரம்பரையலகைப் பார்த்து மருந்தளக்கும் முறைக்கு வழிகாட்டினார்கள்.

ஆயினும் கீழைத் தேசங்களின் கணக்கு இதற்குள் அடங்கவில்லை. ஜப்பானிலும் கொரியாவிலும் டி.பி.எம்.டி. குறைபாடு மிக அபூர்வம். அங்குள்ள நோயாளரின் வெண்குழியங்களோ ஐரோப்பியருடையவற்றைவிட அடிக்கடி சரிந்தன. ‘ஆசியருக்கு மருந்து தாங்காது’ என்று வைத்தியர்கள் பலர் பேசிவந்தார்களேயன்றி, காரணம் இன்னதென்று ஒருவராலும் சொல்லமுடியவில்லை. 2014இல் கொரிய ஆய்வாளர்கள், குடல் அழற்சிக்கு இதே குடும்பத்து மருந்தை உண்ட நோயாளரிடையே தேடி, நுட்-15 என்ற வேறொரு பரம்பரையலகில் ஓரெழுத்து மாறியிருப்பதைக் கண்டுபிடித்தனர். போலி எழுத்தை டி.என்.ஏ.யுட் புகுமுன்னரே முறித்துவிடுவது அந்நொதியத்தின் வேலை. மறு வருஷமே செயின்ட் ஜூட் குழுவினர் குருதிப் புற்றுநோய்ப் பிள்ளைகளிடத்தும் அதைக் கண்டு, அளந்து காட்டினார்கள். மாற்றம் இல்லாத பிள்ளைகள் விதித்த அளவில் நூற்றுக்கு 83 பங்கைத் தாங்கினர். தாய்வழியோ தந்தைவழியோ ஒரு பிரதி மாறியவர்கள் 63 பங்கு. இருவழியிலும் மாறிய பிரதியைப் பெற்ற பிள்ளைகள் எட்டுப் பங்கு மாத்திரமே. நூற்றுக்கு எட்டு! புத்தகத்தைப் பார்த்து ஒரு வைத்தியர் மனச்சாட்சியோடு எழுதிக் கொடுக்கும் அளவு, அத்தகைய பிள்ளைக்குப் பன்னிரண்டு மடங்கு மிகுதியாகும் என்பதை நினைந்து பாருங்கள். அவ்வைத்தியர் மீது பிழையில்லை. அவர் கையிலிருந்த அட்டவணை வேறொரு மக்கட்கூட்டத்தின் குருதியைப் பார்த்து எழுதப்பட்டது.

பரம்பரையலகுப் பிரதிகளுள் இம்மாற்றம் உள்ளவை ஐரோப்பியரிடையே நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு, கிழக்காசியரிடையே பத்தளவில், தெற்காசியரிடையே ஏழளவில். ஒவ்வொருவரிடமும் இரு பிரதிகள் உள்ளமையால், தெற்காசிய விகிதத்தை இங்கும் பொருத்தினால், முப்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் ஒரு வகுப்பறையில் ஏறக்குறைய நால்வர் ஒரு மாறிய பிரதியைத் தாங்கியிருப்பார்கள். அவர்கள் நோயாளர்கள் அல்லர். ஓடுவார்கள், படிப்பார்கள், மணம் முடிப்பார்கள், இக்குறிப்பிட்ட குடும்பத்து மருந்தை உண்ண நேராதவரையில் அம்மாற்றம் தங்களிடம் இருப்பதை அறியாமலே வாழ்ந்து முடிப்பார்கள். இதைச் சற்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பரம்பரை என்ற சொல் ஒரு வைத்தியரின் வாயிலிருந்து வந்தவுடன் ‘அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பரம்பரையிற் குறை’ என்று கல்யாணப் பேச்சுக்களிலே கிசுகிசுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டென்பதை நான் அறிவேன். அதிலும் பெண்பிள்ளையின் பெயரே முதலில் அடிபடும். அத்தகைய பேச்சுக்கு நுட்-15 மாற்றத்தில் எள்ளளவும் ஆதாரமில்லை.

கல்யாணத்தைப் பற்றிப் பேச்செடுத்தாயிற்று. ஒரு சிறு கணக்கையும் பார்த்துவிடுவோம். மாமி மகனும் மாமா மகளும் மணம் செய்துகொள்வது தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் வழிவழி வந்த முறை. உறவில்லாத இருவர் மணந்தால், மேற்சொன்ன ஏழு சதவீத விகிதப்படி, அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளில் இருவழியும் மாறிய பிரதியைப் பெறுவோர் இருநூறு பேரில் ஒருவர். மச்சான் மச்சி உறவில் மணந்தால் ஏறத்தாழ நூற்றுப்பத்துப் பேரில் ஒருவர். இரட்டிப்புக்குச் சற்றே குறைவு. அம்முறையைக் கைவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. உறவுக்குள்ளே மணந்த பெற்றோரின் பிள்ளைக்கு இக்குளிசை எழுதப்படும்போது, ‘நாங்கள் சொந்தத்துக்குள்ளே முடித்தவர்கள்’ என்று டொக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால், அவ்வார்த்தைக்கு வைத்தியப் பெறுமதி உண்டு என்பதே கணக்கின் பயன்.

இவ்வளவையும் கேட்ட ஒருவர், அப்படியானால் இனத்துக்கு இனம் ஒரு மருந்தளவு வகுத்துவிடலாமே என்று நினைக்கக்கூடும். அதற்கு மறுமொழி இக்கரையிலேயே உள்ளது. 1344இல் இப்னு பதூதா வந்திறங்கிய துறை நமக்கு அண்மையிலுள்ள புத்தளம். அரபு வணிகரும், காயல், கீழக்கரைப் பக்கத்துக் கடலோடிகளும், மலாய்ச் சிப்பாய்களும் காலந்தோறும் இக்கரைக்கு வந்தார்கள். ஆபிரிக்க வம்சத்தவர் சிரம்பியடியிலே இன்றும் வாழ்கின்றனர். உடப்பிலே தமிழ் மீனவரும், சிலாபம் வரை சிங்கள மக்களும் உள்ளனர். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் இம்மாவட்டத்திலே வந்து குடியேறி, இங்கேயே பெண் கொடுத்தும் எடுத்தும் வருகின்றனர். இவர்களுள் ஒரு பிள்ளையைப் பார்த்து, அதன் பெயரைக் கொண்டோ பேச்சைக் கொண்டோ அதன் நொதியத்தின் வலிமையை அனுமானிப்பது எவ்வாறு? விகிதம் என்பது சுகாதார அதிகாரிகள் பரிசோதனைகளைத் திட்டமிடுவதற்குப் பிரயோஜனப்படும்; கட்டிலில் இருக்கும் பிள்ளைக்கு அதனுடைய சொந்தக் குருதியே சாட்சி. ‘ஆசியருக்குத் தாங்காது’ என்ற பழைய வாக்கியம், மருந்தை நன்றாகத் தாங்கக்கூடிய எத்தனையோ ஆசியப் பிள்ளைகளுக்கு அளவைக் குறைத்து நோயை மீளச் செய்திருக்கவும் கூடும். மாற்றமுள்ள ஐரோப்பியப் பிள்ளையைக் கவனியாமல் விட்டிருக்கவும் கூடும்.

இதுகாறும் பேசியது பெற்றோரிடமிருந்து வந்த பரம்பரையலகுகளைப் பற்றியது. நோய்க்கலம் தானாக ஏற்படுத்திக்கொள்ளும் மாற்றங்கள் வேறு. அவை பெற்றோரிடமிருந்து வந்தவையல்ல, சந்ததிக்குச் செல்வனவுமல்ல. 1960இல் கண்டறியப்பட்ட ஃபிலடெல்ஃபியா நிறமூர்த்தம் அவற்றுள் ஒன்று. அஃது இருந்தால் நோய் கடியது என்று கைவிட்ட காலம் போய், 2001 முதல் கிடைத்துவரும் இமாட்டினிப் குளிசையைச் சேர்த்துக் கொடுப்பதனால் நிலைமை பெரிதும் மாறிவிட்டது. மேனாட்டுப் பிள்ளைகளில் நான்கில் ஒருவருக்குக் காணப்படும் அனுகூலமான ஒரு மாற்றம், இந்திய ஆய்வுகள் பலவற்றிலே அதனிலும் குறைவாகவே காணப்பட்டுள்ளது. விரிவஞ்சி இதனை இவ்வளவில் விடுகின்றேன்.

பரம்பரையாக வந்து மருந்தைப் பாதிக்கும் வேறொரு குறைவின் பொருட்டு, மலேரியாவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 1934, 35இல் இலங்கையில் ஏறத்தாழ எண்பதாயிரம் உயிர்களைக் கொண்டுபோன அக்கொள்ளைக் காய்ச்சலுக்கு முன்னும் பின்னும் நம் வரண்ட பிரதேசம் அந்நோயோடேயே வாழ்ந்தது. 2016இலேதான் நாடு மலேரியா அற்றதென உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது. மலேரியா நெடுங்காலம் நிலவிய தேசங்களில், ஜி6பிடி என்ற நொதியம் குறைந்தவர்கள் ஓரளவு காப்புப் பெற்றுப் பிழைத்தமையால், அக்குறைவு சந்ததிகளிலே தங்கிவிடுகின்றது. குருதிப் புற்றுநோய்ச் சிகிச்சையின் முதல் நாட்களிலே நோய்க்கலங்கள் திரளாக அழிந்து யூரிக் அமிலம் பெருகும்போது, அதைக் கரைக்க ராஸ்புரிகேஸ் என்ற மருந்தைச் சிலருக்குக் கொடுப்பதுண்டு. ஜி6பிடி குறைந்த பிள்ளைக்கு அம்மருந்து செங்குழியங்களை உடைத்துவிடும், கொடுக்கவே கூடாது. ஆண்பிள்ளைகளிடமே இக்குறைவு மிகுதியாக வெளிப்படும். பாட்டனார் காலத்துக் காய்ச்சல் பேரனின் மருந்துத் துண்டிலே வந்து நிற்பது சரித்திரத்தின் விசித்திரங்களுள் ஒன்று.

இனி, எல்லாவற்றையும் பரம்பரையலகின் தலையிலே சுமத்திவிடும் சோம்பலும் ஒன்றுண்டு. அது பெரிய இடங்களிலேயும் காணப்படுகின்றது. 1980களின் நடுப்பகுதி வரை இந்தியாவில் இந்நோயுற்ற பிள்ளைகளுள் நூற்றுக்கு இருபது பேர்கூடப் பிழைக்கவில்லை. முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954இல் நிறுவிய, டாக்டர் சாந்தா அம்மையார் தம் ஆயுளை அர்ப்பணித்த அடையாறு புற்றுநோய் நிலையமும், மும்பை டாட்டா நிலையமும், டில்லி நிலையமும், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்து இயன் மக்ராத்துடன் சேர்ந்து எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சை ஒழுங்கைக் கைக்கொண்டபோது, அத்தகைய பிள்ளைகளின் விளைவு நூற்றுக்கு நாற்பத்தைந்து முதல் அறுபது வரை உயர்ந்தது. அப்பிள்ளைகளின் குருதி மாறிவிடவில்லை; ஒழுங்கும் பராமரிப்புமே மாறின. குளிசையை ஒழுங்காக உண்பதைப் பற்றி அமெரிக்காவிலே இந்திய வைத்தியை ஸ்மிதா பாட்டியாவின் குழுவினர், ஒவ்வொரு முறையும் போத்தல் திறக்கப்படுவதைத் தானே பதியும் மூடியைக் கொண்டு ஆராய்ந்து, நூற்றுக்கு 95 நாளிலும் குறைவாக உண்ட பிள்ளைகளுக்கு நோய் மீளும் அபாயம் இருமடங்குக்கும் மேல் என்று கண்டனர். செல்வம் மிகுந்த நாட்டிலேயே நிலைமை இதுவானால், மதுரங்குளிச் சந்தியில் விடியற்காலை பஸ் ஏறி, நூறு கிலோமீற்றருக்கு மேற் பிரயாணம் செய்து, கொழும்பில் இறங்கி, மறு பஸ் பிடித்து மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குச் செல்லும் ஒரு மீனவக் குடும்பத்துக்கு, அன்றைய தொழிலும் போய், வீட்டில் மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஆளுமின்றி இருக்கையில், ஒரு தவணை தவறுவது ஆச்சரியமா? சிகிச்சை இலவசம், அங்கே சென்று சேர்வது இலவசமன்று. பிள்ளை தேறவில்லை என்றால் நொதியத்தை நோக்குமுன் பஸ் கட்டணத்தை நோக்கவேண்டிய சந்தர்ப்பங்கள் பல.

நொதியத்தால் வருவதையும் குளிசை தவறுவதால் வருவதையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. பரம்பரையலகுப் பரிசோதனை ஆயுளில் ஒரே தடவை செய்தாற் போதும்; அது மாறுவதில்லை. நொதியத்தின் வலிமையை நேரே அளக்கும் பழைய பரிசோதனையோ, பிறர் குருதி ஏற்றப்பட்ட பிள்ளையிடம் அக்குருதியின் வலிமையைக் காட்டி ஏமாற்றிவிடும். இந்நோயாளருக்கு அடிக்கடி குருதி ஏற்ற நேர்வதுண்டு. பரம்பரையலகைப் பார்க்க வசதியில்லாத இடத்தில், குளிசை தொடங்கிய முதல் வாரங்களில் வாரந்தோறும் குருதி எண்ணிக்கையைப் பார்ப்பது தவிர்க்கவொண்ணாதது. இருவழி மாற்றமுள்ள பிள்ளையின் வெண்குழியம் முதல் ஓரிரு மாதங்களுக்குள்ளேயே சரிந்துவிடும், மறுபடி முளைத்த தலைமயிரும் சிலவேளை உதிரத் தொடங்கும். அவ்வெண்ணிக்கையைப் புத்தளத்திலோ சிலாபத்திலோ பார்த்து, கிளினிக் கொப்பியில் எழுதி, மஹரகமைக்குத் தொலைபேசியில் அறிவித்து, அளவைக் கேட்டுக்கொள்ள ஓர் ஏற்பாடு இருக்குமாயின், பாதிப் பிரயாணம் மிச்சமாகும். மாறாக, முழு அளவு கொடுத்தும் எண்ணிக்கை இறங்காத பிள்ளையும் உண்டு. அங்கே நொதியம் மிக வலியதா, அல்லது குளிசை வயிற்றுக்குப் போகவில்லையா என்பதைக் கோபமின்றி விசாரிக்கத் தெரிந்த வைத்தியர் வேண்டும்.

அளவைக் குறைப்பது எப்படிக் கையிலே நிகழ்கின்றது என்பதையும் சொல்லிவிடுகின்றேன். உடற்பரப்பு ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 75 மில்லிகிராம் என்பது வழக்கமான விதி. இருவழி மாற்றமுள்ள பிள்ளைக்குச் சதுர மீற்றருக்குப் பத்து மில்லிகிராமில் தொடங்கச் சொல்லுகின்றது 2018இல் புதுக்கப்பட்ட சர்வதேச வழிகாட்டி. மூன்று வயதுப் பிள்ளையின் பரப்பு 0.6 சதுர மீற்றர் என்று கொண்டால் நாளுக்கு ஆறு மில்லிகிராம். குளிசையோ ஐம்பது மில்லிகிராம். கால் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தால் கணக்கு ஏறக்குறையச் சரியாகும். பக்கத்து வீட்டுப் பிள்ளை இதே நோய்க்கு நாளொன்றுக்கு ஒரு குளிசை விழுங்குவதைக் கண்ட உம்மா, ‘என் பிள்ளைக்கு மட்டும் ஏன் இந்தத் துணுக்கு’ என்று பயந்து, தானாகவே கூட்டிக் கொடுத்துவிடாதிருக்க வேண்டுமானால், காரணத்தை அவருக்கு அவருடைய பாஷையிலேயே இருந்து சொல்லவேண்டும். மருந்துத் துண்டில் ஆங்கிலத்தில் எழுதிய பின்னம் அந்த வேலையைச் செய்யாது.

கடைசியாக ஒன்று. ஒரு பிள்ளையிடம் இருவழி மாற்றம் காணப்பட்டால், அதன் கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் அதே நிலை இருப்பதற்கு நான்கில் ஒரு பங்கு சாத்தியம் உண்டு. அவர்களுக்குப் புற்றுநோய் வரும் என்பது இதன் கருத்தன்று. மெர்கப்டோபியூரீனாகவே உடலில் மாறும் அசாதயோப்பிரீன் என்னும் குளிசை, சிறுநீரகம் மாற்றியவர்களுக்கும், குடல் அழற்சிக்கும், மூட்டு வியாதிகள் சிலவற்றுக்கும் கொடுக்கப்படுகின்றது. நானாவுக்கோ தாத்தாவுக்கோ பிற்காலத்தில் அது எழுதப்படும் நாளில், தம்பியின் கிளினிக் கொப்பியில் உள்ள அந்த ஒரு வரியை எடுத்துக் காட்டினால், வேறொரு வைத்தியசாலையில் வேறொரு வைத்தியர் அளவை மாற்றிக்கொள்வார். ஆதலின், சிகிச்சை முடிந்தது என்று அக்கொப்பியை எறிந்துவிடாமல், பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வைத்துக்கொள்ளும்படி இங்கு வந்துள்ள தாய்மாரைக் கேட்டுக்கொள்கின்றேன்.